யார் பெயரால் ஆட்சி: பாலாற்றங்கரைப் பட்டங்களும் பிரதிநிதித்துவம் என்ற சமயக் கேள்வியும்

ஆட்சியாளர் ஒருவர் சூட்டிக்கொள்ளும் பட்டம், தம் அதிகாரம் எங்கிருந்து வந்ததாகப் பிறர் நம்ப வேண்டும் என்று அவர் விரும்புகிறாரோ அதைச் சொல்கிறது; அது உண்மையில் எங்கிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் வாளோ வட்டிக் கணக்கோதான் சொல்லும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை ஆராய்வதற்கு, ராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தைப் போல வளமான நிலம் தமிழகத்தில் குறைவு. பட்டங்கள் இங்கே ஊர்ப்பெயர்களாகவே படிந்துவிட்டன. விஜயநகர ராயர்களின் கடைசித் தலைநகரங்களுள் ஒன்றாக இருந்ததால் வேலூர் இன்றும் முதியோர் வாயில் ராயவேலூர்; நவாப் முகமது அலி பெற்ற வாலாஜா என்ற விருது வாலாஜாபேட்டையில் நிலைத்திருக்கிறது; செஞ்சி தேசிங்குராஜனோடு உடன்கட்டை ஏறிய அரசியின் நினைவாக எழுந்தது ராணிப்பேட்டை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஆனால் இவ்வட்டாரத்தின் தனிச்சிறப்பு பட்டங்களின் மிகுதியில் இல்லை. பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இங்கு ஆண்டவர்களில் பெரும்பாலோர், சமயம் எதுவாக இருந்தாலும், தம்மை நாட்டின் உரிமையாளர் என்று சொல்லிக்கொள்ளாமல் வேறொருவரின் பிரதிநிதி என்றே சொல்லிக்கொண்டார்கள் என்பதே கவனிக்கத்தக்கது.

இதில் அடங்கியுள்ள சமயக் கேள்வி பழமையானது. உலகின் அரசன் இறைவன் ஒருவனே என்று கொள்ளும் மரபில் மனிதன் எந்தப் பெயரில் ஆளலாம்? பிரதிநிதி என்ற பெயரில் ஆளலாம் என்பது பெரும்பாலான சமயங்கள் தந்த விடை. அந்த விடை ஆட்சியாளரைப் பணிய வைக்கிறதா, அல்லது கேள்வி கேட்பவர்கள் எட்ட முடியாத ஓர் இடத்தில் அவரைப் பத்திரமாக நிறுத்திவிடுகிறதா என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

தமிழ் மரபில் அரசனுக்கும் கடவுளுக்கும் உரிய சொற்கள் ஒரே கிணற்றிலிருந்து இறைக்கப்பட்டவை. திருக்குறளின் பொருட்பாலைத் தொடங்கிவைக்கும் முப்பத்தொன்பதாம் அதிகாரத்துக்கு இறைமாட்சி என்று பெயர். அங்கே இறை என்பது அரசன். அவனுக்குக் குடிகள் செலுத்திய வரியும் இறைதான். வரி நீக்கப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் இறையிலி என்றன. கோயில் என்பது அரண்மனையையும் குறித்தது. பள்ளியெழுச்சி, திருவோலக்கம், பவனி என்று ஆலயத்தில் நடப்பவை யாவும் அரண்மனை நாளொழுங்கின் வடிவங்கள். ஆம்பூரின் முஸ்லிம் தமிழில் பேசும்போது அல்லாஹ்வை ஆண்டவன் என்கிறார். வேலூரின் கிறிஸ்தவர் கிறிஸ்துவை ஆண்டவர் என்றும் கர்த்தர் என்றும் அழைக்கிறார். சைவர் ஈசன் என்கிறார். மூன்றும் ஆட்சியைக் குறிக்கும் சொற்கள். கடவுளைப் பற்றிப் பேச மனிதருக்குக் கிடைத்த மொழி அரசவையின் மொழியாகவே இருந்ததால், அரசர்கள் அந்தச் சொற்களை மீண்டும் தம் பக்கம் இழுத்துக்கொள்வது எளிதாக இருந்தது. வேறு வகையில் சொன்னால், கடவுளுக்கு அரசன் என்று பெயரிட்ட சமயங்கள் எல்லாமே பிறகு அரசனிடமிருந்து கடவுளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கலைத் தத்துவத் தளத்தில் எதிர்கொண்டவர்களுள் ஒருவர் வேலூரோடு நெருங்கிய தொடர்புடையவர். ஆரணிக்கு அருகிலுள்ள அடையபலத்தில் பிறந்து பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பய்ய தீட்சிதரை வேலூரை ஆண்ட சின்ன பொம்மு நாயக்கர் ஆதரித்தார். ஸ்ரீகண்டரின் பிரம்மசூத்திர பாஷ்யத்துக்குத் தீட்சிதர் எழுதிய சிவார்க்கமணிதீபிகை என்ற விளக்கவுரைக்காக அந்நாயக்கர் அவரைப் பொன்னால் நீராட்டி, அதாவது கனகாபிஷேகம் செய்து, அந்நூலை ஐந்நூறு அறிஞர்கள் பயில வழிசெய்தார் என்று அடையபலம் கல்வெட்டு தெரிவிக்கிறது. அந்த உரை சிவனை ஆளும் ஈசுவரனாக நிறுவும் மரபைச் சார்ந்தது. ஆயினும் தீட்சிதர் இறுதியில் சங்கரரின் அத்வைதத்தையே முடிந்த முடிபாகக் கொண்டவர். ஆள்பவன் என்றும் ஆளப்படுவது என்றும் இருக்கும் உறவு, அறியாமையால் வரையறுக்கப்பட்ட உலகியல் தளத்தில் மட்டுமே பொருந்தும் என்பதும், பரமார்த்தம் எனப்படும் மெய்ந்நிலையில் ஆள்வதற்கு இரண்டாவது பொருளே இல்லை என்பதும் சங்கரர் தம் பிரம்மசூத்திர உரையில் எடுத்துரைத்த கருத்துகள். இதன்படி ஈசுவரன் என்பதே ஒருவகைப் பட்டம். ஆளப்படுவோர் உள்ளவரை அது நிற்கும். அரசனுக்கு இதைவிடக் கசப்பான கோட்பாடு இருக்க முடியாது. கடவுளின் ஆட்சியே உலகியல் வழக்கு என்றால் நாயக்கரின் ஆட்சியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? பொம்மு நாயக்கர் அதற்காகப் பொன்னைக் குறைத்துக்கொள்ளவில்லை என்பது அவருடைய தாராளத்தைக் காட்டலாம், அல்லது பரமார்த்தத்திற்கும் வரிவசூலுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை அவர் நன்கு அறிந்திருந்ததைக் காட்டலாம்.

நாயக்கர் என்ற பட்டமே பிரதிநிதியைக் குறித்தது. பேரரசருக்குப் படை தர வேண்டும், வருவாயில் பங்கு அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு நிலத்தை ஆண்டவர் அவர். அவர்களுடைய கல்வெட்டுகள் பேரரசரின் பெயரை முதலில் சொல்லிவிட்டுத்தான் தம்மைச் சொல்லும். (இவ்வட்டார முஸ்லிம்களும் நபியைக் குறிக்க நபிகள் நாயகம் என்றே சொல்வதால், ஒரே வேரிலிருந்து ஒரு படைத்தலைவரின் பட்டமும் ஒரு தூதரின் அடைமொழியும் கிளைத்திருக்கின்றன.) பேரரசரும் தம் பங்குக்கு ஒருவர் பெயரால்தான் ஆண்டார்: விஜயநகர மன்னர்களின் ஆவணங்கள் விரூபாட்சரின் பெயரைக் கையொப்பமாகக் கொண்டன. அதே மன்னர்கள் பதினான்காம் நூற்றாண்டிலேயே 'இந்துராய சுரத்ராண' என்ற விருதையும் பூண்டனர். சுரத்ராண என்பது சுல்தான் என்ற சொல்லின் சமஸ்கிருத உருவம். கடவுளின் பிரதிநிதியாக இருப்பது ஓர் உரிமைக்கோரிக்கை. அண்டை நாட்டு சுல்தானுக்குச் சமமாக நிற்பது மற்றொன்று. இரண்டும் ஒரே கல்வெட்டில் ஒட்டி நிற்பதில் அக்காலத்தவர் எவரும் முரண் கண்டதாகத் தெரியவில்லை. இந்த ஏற்பாட்டின் முழுமையான வடிவத்தை 1750இல் திருவிதாங்கூரில் மார்த்தாண்டவர்மர் நிறைவேற்றினார்: நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, அவருடைய அடியாராக, பத்மநாபதாசராக, அதைத் திரும்பப் பெற்று ஆண்டார். போரில் பிடித்த நாடுகளும் அந்த எழுத்தில் அடக்கம். வென்றவரை எதிர்ப்பது இனி கடவுளை எதிர்ப்பது என்றாயிற்று.

இஸ்லாமிய மரபில் இக்கேள்வி மிகக் கூர்மையாகவும் மிகத் தொடக்கத்திலேயும் எழுந்தது. நபிகள் நாயகத்துக்குப் பின் சமூகத்தின் தலைமையை ஏற்ற அபூபக்கர், கலீஃபா, அதாவது பின்வந்தவர் அல்லது பதிலாள், என்று அழைக்கப்பட்டார். அவரை ஒருவர் இறைவனின் கலீஃபா என்று விளித்தபோது, தாம் இறைத்தூதரின் கலீஃபாவே என்று அவர் திருத்தியதாக மரபு கூறுகிறது. திருத்தம் சிறியது, விளைவு பெரியது. இறந்த ஒரு மனிதருக்குப் பின் வந்தவரின் செயலை அம்மனிதரின் வழிமுறையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இறைவனுக்கே பதிலாளானவரை எதனோடும் ஒப்பிட முடியாது. அடுத்து வந்த உமர், தூதரின் கலீஃபாவின் கலீஃபா என்று பெயர் நீண்டுகொண்டே போவதைத் தவிர்க்க, நம்பிக்கையாளர்களின் தளபதி என்னும் பொருளில் அமீருல் முஃமினீன் என்ற பட்டத்தை ஏற்றார். ஒவ்வொருவரும் மேய்ப்பர், ஒவ்வொருவரும் தம் மந்தையைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்ற பொருளிலமைந்த நபிமொழியும், அரசர்களின் அரசன் என்று தன்னை அழைத்துக்கொள்பவனின் பெயரே இறைவனிடம் மிக இழிந்தது என்ற பொருளிலமைந்த மற்றொரு நபிமொழியும் ஹதீஸ் தொகுப்புகளில் உள்ளன.

இந்த இரண்டாவது நபிமொழி 1037–38 காலத்துப் பக்தாதில் வீதிச் சண்டையாக வெடித்தது. அங்கே உண்மை அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த புவைஹி அமீர் ஜலாலுத் தவ்லா, வெள்ளிக்கிழமைத் தொழுகையின் உரையான குத்பாவில் தம்மை அரசர்களின் அரசர் என்று குறிப்பிட வேண்டும் என்று விரும்பினார். குத்பாவில் எவர் பெயர் சொல்லப்படுகிறதோ அவரே ஆட்சியாளர் என்பது இஸ்லாமிய உலகில் நாணயத்துக்கு இணையான அடையாளமாக இருந்தது. பள்ளிவாசலில் அப்பட்டத்தைச் சொன்னவர்மீது மக்கள் கல்லெறிந்தார்கள். சட்ட அறிஞர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டபோது, பூமியிலுள்ள அரசர்களை மட்டுமே இது குறிக்கும் என்று விளக்கிப் பலர் அனுமதித்தனர். அமீருக்கு நெருக்கமானவராக இருந்த அல்மாவர்தி மட்டும் மறுத்து, அவைக்குச் செல்வதையே நிறுத்திக்கொண்டார். அமீர் பின்னர் அவரை அழைத்து அவருடைய நேர்மையைப் பாராட்டினார். பட்டத்தை மட்டும் விட்டுவிடவில்லை.

மாவர்தியின் மற்றொரு முகமும் இங்கே தேவைப்படுகிறது. ஆட்சிமுறை பற்றிய அவருடைய நூலான அல் அஹ்காமுஸ் சுல்தானிய்யா, மாகாண ஆட்சியை இரண்டாகப் பிரிக்கிறது: கலீஃபா தாமாக நியமிக்கும் ஆட்சி ஒன்று, வாளால் ஒருவர் பிடித்துக்கொண்ட நிலத்துக்குப் பிறகு கலீஃபா நியமனம் வழங்கிச் சட்டத்துக்குள் கொண்டுவரும் ஆட்சி மற்றொன்று. பட்டத்தில் ஒரு சொல்லையும் விட்டுக்கொடுக்காதவர், நாட்டைப் பிடித்தவருக்கு முத்திரை வழங்கும் வழியைத் தாமே எழுதிவைத்தார். இதைக் கொள்கைப் பிறழ்வாகக் கருத வேண்டியதில்லை. உண்மை அதிகாரத்தைத் தடுக்க முடியாத நிலையில், அது யாருக்காவது கீழ்ப்பட்டது என்று எழுத்திலாவது ஒப்புக்கொள்ள வைப்பதே அவருக்குச் சாத்தியமாக இருந்தது. ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் ஆர்க்காட்டில் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்த இரண்டாம் வகையே திறவுகோல்.

நவாப் என்ற சொல் அரபு மொழியின் நாயிப், அதாவது பதிலாள், என்பதன் மதிப்புப் பன்மையிலிருந்து வந்தது. 1690களில் ஔரங்கசீப் தம் தளபதி சுல்ஃபிகார் கானிடம் கர்நாடகப் பகுதியின் பொறுப்பை அளித்தபோது அப்பெயருக்கு நேர்ப்பொருளே இருந்தது. பேரரசர், அவருக்குக் கீழே தக்காணத்தின் சுபேதாரான நிஜாம், அவருக்குக் கீழே ஆர்க்காட்டு நவாப், அவருக்குக் கீழே கோட்டைக் காவலரான கில்லேதார்கள், பாளையக்காரர்கள் என்று படிகள் இருந்தன. ஒவ்வொரு படியிலும் இருந்தவர் மேற்படியின் பதிலாள். மேற்படி தளரத் தளரப் பட்டம் பெருகியது. 1742இல் நவாப் சஃப்தர் அலி வேலூரில் கொல்லப்பட்டார். கொல்வித்தவர் அவருடைய மைத்துனரும் வேலூர்க் கோட்டையின் தலைவருமான முர்தசா அலி. மறு ஆண்டு நிஜாம் ஆசஃப் ஜா ஆர்க்காட்டுக்கு வந்தபோது, தம்மைக் காண வந்தவர்களில் ஒரே நாளில் பதினெட்டு நவாபுகளைக் கண்டதாகவும், இந்த நாட்டுக்கே ஒரு நவாப்தான் இருக்க வேண்டும் என்று கடிந்து, இனித் தம் முன்னிலையில் அப்பட்டத்தைச் சொல்பவரைச் சவுக்கால் அடிக்க ஆணையிட்டதாகவும் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். ஆனால் ஆசஃப் ஜாவும் பேரரசரின் பெயரால் ஆண்டுகொண்டு, தில்லியிடம் கேளாமல் நடந்த ஒரு பதிலாள்தான். பத்தொன்பதாவது ஆளாக அவரையும் எண்ணிக்கொள்வதில் தவறில்லை.

1749 ஆகஸ்டு 3இல் ஆம்பூரில் நடந்த போர் இவ்வகைப் பதிலாள்களுக்கு இடையிலான வழக்கே. நிஜாம் நியமித்த நவாப் அன்வருதீன் ஒருபுறம். பழைய நவாப் குடும்பத்தின் மருமகனான சந்தா சாகிபும், நிஜாம் பதவிக்கு உரிமை கோரிய முசஃபர் ஜங்கும், அவர்களுக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையும் மறுபுறம். அன்வருதீன் அங்கே வீழ்ந்தார். மகன் முகமது அலி திருச்சிக்குத் தப்பி, ஆங்கிலேயரின் துணையோடு நவாப் பட்டத்தைக் கோரினார். அவருடைய பட்டத்தின் ஆதாரங்களை வரிசைப்படுத்தினால், பிரதிநிதித்துவம் என்ற கருத்து எவ்வளவு தூரம் உள்ளீடற்றுப் போயிற்று என்பது விளங்கும். 1763இல் பிரிட்டனும் பிரான்சும் ஸ்பெயினும் பாரிசில் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் பதினோராம் விதி, அவரைக் கர்நாடகத்தின் சட்டப்படியான நவாபாக ஏற்றது. நாட்டைப் பார்த்தேயிராத மன்னர்கள் தீர்ப்பு வழங்கினர். 1765இல் பேரரசர் ஷா ஆலம் அவரை நிஜாமின் மேலாண்மையிலிருந்து விடுவித்து வாலாஜா என்ற விருதை வழங்கினார். அப்போது ஷா ஆலம் அலகாபாத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் பாதுகாப்பில் இருந்தார். ஆக, கும்பினியின் தயவில் வாழ்ந்த பதிலாளுக்கு, கும்பினியின் தயவில் வாழ்ந்த எசமானர் நியமனம் வழங்கினார்.

அந்த நவாபிடம் உண்மையில் கணக்குக் கேட்டவர்கள் வேறு. போர்ச் செலவுக்காகக் கும்பினியிடமும், அதன் ஊழியர்களிடமும், சென்னையின் தனிப்பட்ட ஆங்கிலேயரிடமும் அவர் வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்தது. அதற்கு ஈடாக மாவட்டங்களின் வரி வருவாய் ஒதுக்கப்பட்டது. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய புகழ்பெற்ற உரை, ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றியதே. பாலாற்றுப் படுகையின் குடியானவர் செலுத்திய நிலவரி, தில்லியின் பெயரால் வசூலிக்கப்பட்டு, ஆர்க்காட்டின் முத்திரையோடு, கடன்காரர்களிடம் சேர்ந்தது. நவாப் தம் எசமானருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை; குடிகளுக்குப் பதில் சொல்லவேண்டும் என்று பட்டத்தில் எழுதியிருக்கவும் இல்லை. பதிலாள் என்ற பணிவான பெயர், மேலே யாரும் இல்லாதபோது, உரிமையாளர் என்ற ஆணவமான பெயரைக் காட்டிலும் அதிகமாக ஆளின் கைகளை அவிழ்த்துவிட்டது. உரிமையாளரிடமாவது, தம் சொத்து அழிகிறதே என்ற கவலை இருக்கும்.

கும்பினி இந்தப் பாடத்தை மிக விரைவாகக் கற்றது. 1765இல் வங்காளத்தின் திவானி உரிமையைப் பெற்றபோது, அதாவது வரி வசூலிக்கும் அலுவலராக அது பேரரசரால் நியமிக்கப்பட்டபோது, ஒரு வணிக நிறுவனம் முகலாயப் பட்டத்துக்குள் புகுந்துகொண்டது. அதன் சென்னைத் தங்கசாலை ஆர்க்காட்டு ரூபாய் என்ற பெயரில் அச்சிட்ட வெள்ளி நாணயங்களில் இருந்தது இரண்டாம் ஆலம்கீரின் பெயர். அவர் 1759இலேயே கொல்லப்பட்டுவிட்டார்; அவர் பெயரிலான நாணயமோ, பிரிட்டிஷ் மன்னரின் தலையைக் கொண்ட பொது நாணயம் 1835இல் வரும் வரை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அச்சாகிக்கொண்டிருந்தது. இறந்தவரின் பெயரால் ஆள்வதைப் போல வசதியான பிரதிநிதித்துவம் வேறில்லை.

இந்த நாடகத்தை வெளிப்படையாக மறுத்தவர் திப்பு சுல்தான். 1780களின் நடுவில் அவர் பாதுஷா என்ற பட்டத்தை ஏற்று, தம் அரசை இறைவன் அளித்த அரசு என்னும் பொருளில் குதாதாத் சர்க்கார் என்று அழைத்து, குத்பாவில் ஷா ஆலமின் பெயரைச் சொல்வதை நிறுத்தினார். மராத்தியத் தலைவர் சிந்தியாவின் கையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பேரரசர் என்று பள்ளிவாசலில் சொல்வது அறியாமை என்பது அவருடைய கடிதங்களில் காணப்படும் வாதம். அதில் உண்மை இருந்தது. ஆனால் இடையிலிருந்த மனித எசமானரை நீக்கியதும், அவர் நேராகக் கடவுளின் முன் நின்றார். கேள்வி கேட்க வேறு யாரும் அங்கே இல்லை. அவருடைய வெள்ளி ரூபாயின் ஒருபுறம் உள்ள வாசகம், அவனே ஒரே நீதிமானான சுல்தான் என்று பொருள்படும். அவன் என்பது இறைவனைச் சுட்டுகிறதா, நாணயத்தை வெளியிட்டவரைச் சுட்டுகிறதா என்று தீர்மானிக்க முடியாதபடி அது அமைந்திருக்கிறது. இந்த இருபொருள் தற்செயலானதாக இருக்கும் என்று நம்புவது கடினம். அதே திப்பு, 1786இல் உதுமானிய கலீஃபாவின் ஒப்புதலை நாடி ஒரு பெரிய தூதுக்குழுவைக் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அனுப்பினார். இறைவன் அளித்த அரசுக்கும் எங்கிருந்தாவது ஒரு மனிதக் கையொப்பம் வேண்டியிருந்தது. ஆயினும் அது பாலாற்றங்கரையிலோ காவிரிக்கரையிலோ இருப்பவர்களின் கையொப்பமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்து அரசர் எவருக்கும் தோன்றவில்லை.

திப்பு 1799இல் வீழ்ந்தபின் அவருடைய பிள்ளைகளும் குடும்பமும் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10 அதிகாலையில் அங்கே சிப்பாய்கள் எழுந்தபோது அவர்கள் ஏற்றியது திப்புவின் கொடி. அரசராக அறிவித்தது அவருடைய மூத்த மகன் ஃபத்தே ஹைதரை. திருநீறும் நாமமும் கடுக்கனும் தாடியும் விலக்கப்பட்டதும், தோலால் செய்த குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை திணிக்கப்பட்டதும் கிளர்ச்சியின் உடனடிக் காரணங்கள். இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் சேர்ந்து ஒரு முஸ்லிம் இளவரசரின் பெயரைச் சொன்னார்கள் என்பதைச் சமய நல்லிணக்கமாக மட்டும் படிப்பது போதாது; எதிர்ப்பதற்கும் யாரோ ஒருவரின் பெயர் தேவைப்பட்ட காலம் அது; தம் பெயரால் எழும் துணிவு, அதற்குரிய சொல் இல்லாததாலேயே, அவர்களுக்குக் கிட்டவில்லை. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த கில்லெஸ்பி அன்றே அதை நசுக்கினார். பத்தாண்டுகளில் அதே கோட்டைக்குக் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் கைதியாக வந்து 1832 ஜனவரி 30இல் இங்கேயே இறந்தார். தென்னிந்திய நாயக்கர் வழியினரான அவர், புத்தரின் தந்தத் தாதுவின் காவலர் என்ற தகுதியால் சிங்கள பௌத்தர்களை ஆண்டவர். 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை அவரது குலத்தின் உரிமையை நீக்கிய கையோடு, பௌத்த சமயத்தைக் காக்கும் பொறுப்பைப் பிரிட்டிஷ் அரசுக்கு மாற்றியது. காவலர் பதவி, காக்கப்படும் சமயத்தில் நம்பிக்கையில்லாதவர்களிடம் போய்ச் சேர்ந்தது. பிரதிநிதித்துவத்தின் வரலாற்றில் இதற்கு இணையான விசித்திரங்கள் குறைவு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கேள்வி இவ்வட்டாரத்துக்குக் கிலாஃபத் இயக்கமாகத் திரும்பி வந்தது. முதல் உலகப்போரில் தோற்ற துருக்கியின் சுல்தானே உலக முஸ்லிம்களின் கலீஃபா என்பதால், அவருடைய பட்டத்தைக் காக்க இந்தியாவில் நடந்த இப்போராட்டத்துக்காக 1920 ஆகஸ்டில் காந்தியும் ஷௌகத் அலியும் சென்னை மாகாணத்தில் சுற்றுப்பயணம் செய்தனர். 1922 நவம்பரில் துருக்கிய நாடாளுமன்றம் சுல்தான் என்ற பட்டத்தைக் கலீஃபா என்ற பட்டத்திலிருந்து பிரித்து ஒழித்தது. 1924 மார்ச் 3இல் கலீஃபா பட்டத்தையும் ஒழித்தது. இந்தியாவில் எந்தப் பட்டத்துக்காக மக்கள் சிறை சென்றார்களோ அதை, அதற்குரியவர்களே எடுத்துவிட்டார்கள். மறு ஆண்டில் எகிப்தின் அலி அப்துர் ராசிக், கலீஃபா ஆட்சிக்கு மார்க்கத்தில் அடிப்படையே இல்லை என்று நூல் எழுதி அல் அஸ்ஹரின் அறிஞர் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்.

இதற்கான மிகக் கவனமான இந்திய விடை தோல் வணிகத்தின் பணத்தால் சாத்தியமான ஒரு சொற்பொழிவு வரிசையில் இருக்கிறது. சென்னையின் பெரும் தோல் வணிகரும் கொடையாளருமான ஜமால் முகமதுவின் ஆதரவில் நடந்த ஏற்பாட்டின்படி, 1929 ஜனவரியில் முகமது இக்பால் சென்னையில் மூன்று உரைகளை ஆற்றினார். பிற உரைகளோடு சேர்ந்து 1930இல் நூலாக வந்த அத்தொகுப்பின் ஆறாம் உரை, கலீஃபாவின் பொறுப்பை ஒரு தனிமனிதரிடம்தான் ஒப்படைக்க வேண்டுமா, தேர்ந்தெடுக்கப்பட்ட அவையிடம் ஒப்படைக்கலாமா என்ற துருக்கியரின் கேள்வியை எடுத்துக்கொண்டு, அவைக்கு ஒப்படைப்பது முற்றிலும் ஏற்கத்தக்கது என்றும், குடியரசு முறை இஸ்லாத்தின் உணர்வோடு இசைவது என்றும் முடிவு செய்கிறது. இறைவனே ஆட்சியாளன் என்ற கொள்கையை அவர் கைவிடவில்லை. பதிலாள் ஒருவரா பலரா என்பதை மாற்றினார். பலராக இருக்கும்போது ஒருவரையொருவர் கேள்வி கேட்க முடியும் என்ற எளிய உண்மையே அந்த மாற்றத்தின் வலிமை.

இரண்டு நாடுகள் இந்த விடையை ஒரே ஆண்டில் இரண்டு விதமாக எழுதின. 1949 மார்ச் 12இல் பாகிஸ்தானின் அரசமைப்பு அவை ஏற்ற குறிக்கோள் தீர்மானம், அனைத்துலகின் மேலாண்மை இறைவனுக்கே உரியது என்றும், மக்கள் வழியாக அரசுக்கு அவன் ஒப்படைத்த அதிகாரம் ஒரு புனித அமானிதம் என்றும் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 17இல் இந்திய அரசமைப்பு அவையில் எச். வி. காமத், முகப்புரை இறைவனின் பெயரால் தொடங்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். கடவுளை வாக்கெடுப்புக்கு விட வேண்டாம் என்று பலர் கேட்டும் வாக்கெடுப்பு நடந்தது. 41 பேர் ஆதரிக்க, 68 பேர் எதிர்க்க, திருத்தம் வீழ்ந்தது. எதிர்த்தவர்களில் இறைநம்பிக்கை உடையவர்களும் இருந்தனர். அதற்கு முன்பே, 1947 ஜனவரி 20இல், வாலாஜாபேட்டையிலும் வேலூர் ஊரிசு கல்லூரியிலும் படித்த தத்துவப் பேராசிரியரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அதே அவையில் பிருகதாரண்யக உபநிடதத்தை எடுத்துக்காட்டி, அரசுக்கும் அரசாக இருப்பது தருமம், ஆள்வோரையும் ஆளப்படுவோரையும் ஒருசேர ஆள்வது அதுவே என்று பேசினார். கடவுளின் பெயரைச் சொல்லாமல், ஆனால் மக்களின் விருப்பமே எல்லாம் என்றும் விட்டுவிடாமல், நடுவில் ஒரு சொல்லை நிறுத்தும் முயற்சி அது. தருமம் ஆளும் என்பது சரி. ஆனால் தருமம் கணக்குக் கேட்காது, அதன் பெயரால் யாராவது கேட்க வேண்டும் என்ற குறை அந்த அழகிய வாக்கியத்தில் எஞ்சி நிற்கிறது. அவர் பின்னர் ஏற்ற குடியரசுத் தலைவர் பதவியை அரசமைப்பு நீதிமன்றங்களாலும் அமைச்சரவையாலும் நாடாளுமன்றத்தாலும் கட்டியிருந்தது. அக்கட்டுகளைத் தருமம் தனியாகத் தந்திருக்க முடியாது.

பிரதிநிதி என்ற கருத்து இவ்வட்டாரத்தில் உண்மையாகவே வேலை செய்யும் இடம் அரண்மனைகளிலோ கோட்டைகளிலோ இல்லை. டேனரி முதலாளிகள் பள்ளிவாசல்களுக்கும் மதரஸாக்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் எழுதிவைத்த வக்ஃபு சொத்துகளில், உரிமை இறைவனுக்கு, நிர்வாகம் முத்தவல்லிக்கு. சைவ, வைணவக் கோயில்களிலும் சொத்து தெய்வத்துக்கு, பொறுப்பு தர்மகர்த்தாவுக்கு. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற வித்யா வாருதி வழக்கில் 1921இல் லண்டன் பிரிவி கவுன்சில், முத்தவல்லியும் மடாதிபதியும் ஆங்கிலச் சட்டத்தின் பொருளிலான சொத்துரிமை பெற்ற டிரஸ்டிகள் ஆகமாட்டார்கள், மேலாளர்களே என்று தீர்ப்பளித்து, இரண்டு சமயங்களின் கருத்தையும் ஒரே மூச்சில் ஏற்றது. மாவர்தி அமீரிடம் எதிர்பார்க்க முடியாததை இந்தப் பதவியிடம் சட்டம் எதிர்பார்க்கிறது: 1995ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டத்தின்படி முத்தவல்லி ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கை வாரியத்துக்குத் தர வேண்டும், தவறினால் பதவியிலிருந்து நீக்கப்படலாம். ஜமாஅத்தில் உட்கார்ந்திருக்கும் எவரும் அந்தக் கணக்கைப் பற்றிக் கேட்கலாம், கேட்கவும் செய்கிறார்கள். கேட்கும்போது எழும் சத்தத்தைக் குறையாகக் கருதுபவர்கள் ஆர்க்காட்டின் அமைதியை நினைத்துப்பார்ப்பது நல்லது.

வாலாஜா குடும்பத்தின் கதையும் இங்கேதான் வந்து சேர்கிறது. 1801இல் கும்பினி அவர்களுடைய ஆட்சியை எடுத்துக்கொண்டது. 1855இல் கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி இறந்தபோது நவாப் பட்டத்தையும் ஒழித்தது. 1870இல் விக்டோரியா அரசியின் ஆணை, ஆர்க்காட்டு இளவரசர் என்ற புதிய பட்டத்தை அக்குடும்பத்துக்கு வழங்கியது. உருதுவில் அதை அமீரே ஆர்க்காடு என்பார்கள். முன்னாள் சமஸ்தான மன்னர்களின் பட்டங்களையும் மானியங்களையும் 1971இல் நீக்கிய இருபத்தாறாம் அரசமைப்புத் திருத்தத்துக்குப் பிறகும் அது தொடர்கிறது. ஆள்வதற்கு ஒரு சதுர அடி நிலமும் இல்லாத அந்த அமீரின் குடும்பத்திடம் இன்று எஞ்சியிருக்கும் பொறுப்புகளில் முதன்மையானது, திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலைப் போன்ற அறநிலையங்களைப் பராமரிப்பது.